வணிகச் செலவும் பெருநகர மக்கள்தொகையும்: சென்னை வரலாற்றில் ஆதம்பாக்கம்

ஆய்வுச் சுருக்கம்

பொருளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டு சேர்க்கும் செலவு குறையும்போது பெருநகர் மேலும் பெருகும் என்பது பொதுவாக நிலவும் கருத்து. சென்னையின் வரலாறு இக்கருத்தோடு முழுமையாகப் பொருந்தவில்லை. இருப்புப்பாதையும் செயற்கைத் துறைமுகமும் உருவான 1871–1921 காலத்தில் நகரின் மக்கள்தொகை மெதுவாகவே கூடியது. நகருக்குள் பயணச் செலவு குறைந்த காலத்திலும், அயல்வணிகம் சுருங்கி உள்நாட்டுச் சந்தை முதன்மை பெற்ற காலத்திலுமே அது விரைந்து பெருகியது. எனவே செலவு குறைந்ததா என்பதைவிட எந்தச் செலவு குறைந்தது என்பதே நகரின் அளவைத் தீர்மானிக்கிறது என்பதை, நகரின் தென்விளிம்பில் அமைந்த ஆதம்பாக்கத்தை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வணிகச் செலவு, சென்னை, ஆதம்பாக்கம், இருப்புப்பாதை, துறைமுகம், மக்கள்தொகை, நிலவாடகை

முன்னுரை

தமிழக ஊர்ப்பெயர்களில் ‘பாக்கம்’ என்னும் ஈறு பெரிதும் காணப்படுவது தொண்டைநாட்டுக் கடற்கரையை ஒட்டிய பகுதியிலாகும். புகார் நகரைச் சிலப்பதிகாரம் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறது. கடல்வணிகரும் கைவினைஞரும் கடலோர மருவூர்ப்பாக்கத்தில் வாழ்ந்தனர்; இரு பாக்கங்களுக்கும் இடையே நாளங்காடி அமைந்திருந்தது. மக்கள் எங்கே குடியேறுகின்றனர் என்பதற்கும் பொருள் எங்கே இறங்குகிறது என்பதற்கும் உள்ள உறவைத் தமிழ் இலக்கியம் நெடுங்காலம் முன்பே பதிவு செய்துள்ளது.

சென்னையைச் சூழ்ந்துள்ள நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், ஆதம்பாக்கம் முதலிய ஊர்கள் ஒவ்வொன்றாக நகருக்குள் அடங்கின. இவற்றுள் ஆதம்பாக்கம், பரங்கிமலை நிலையத்தில் இருப்புப்பாதைக்குக் கிழக்கே அமைந்தது. கோட்டைப் பகுதியிலிருந்து ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தொலைவிலுள்ளது. ஏரியைச் சார்ந்த சிற்றூராக இருந்த அது ஆலந்தூர் நகராட்சியின் பகுதியாகி, 2011இல் சென்னை மாநகராட்சியில் இணைந்தது. இத்தொலைவைக் கடக்க ஆகும் செலவு காலந்தோறும் எவ்வாறு மாறியது என்பதைத் தொடர்ந்து சென்றால் நகரின் வளர்ச்சிக்கான காரணமும் புலப்படும்.

வணிகச் செலவு: கருத்தும் கோட்பாடும்

வணிகச் செலவு என்பது வண்டிக்கூலி மட்டும் அன்று. சுங்கம், ஏற்றுமதி இறக்குமதி வரி, வழியில் நேரும் சேதம், காலத்தாழ்வு, உரிமம் பெறும் அலைச்சல் ஆகிய யாவும் அதில் அடங்கும். இச்செலவை அரசு குறைத்தலைத் தமிழ்ச் சமூகம் பெருஞ்செயலாகவே கருதியது. முதலாம் குலோத்துங்கனுக்குச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்னும் சிறப்புப்பெயர் நிலைத்தமை இதற்குச் சான்று.

நகரைச் சுற்றியுள்ள நிலம் எவ்வாறு பயன்படும் என்பதை வண்டிச் செலவைக் கொண்டு முதலில் விளக்கியவர் செருமானியப் பொருளியலறிஞர் ஃபான் தூனன். 1826இல் வெளிவந்த அவருடைய நூலின்படி, சந்தைக்கு அருகிலுள்ள நிலம் மிச்சப்படுத்தும் வண்டிச் செலவே அந்நிலத்தின் வாடகையாக மாறுகிறது. பின்னர் 1995இல் ஏட்ஸ், கிளேசர் ஆகியோர் பல நாடுகளை ஒப்பிட்டு, உள்நாட்டுப் போக்குவரத்துச் செலவும் இறக்குமதி வரியும் மிகுந்த நாடுகளிலும் அதிகாரம் ஒரே இடத்தில் குவிந்த நாடுகளிலும் முதன்மை நகர் அளவுக்கு மீறிப் பெருக்கிறது என்று காட்டினர். 1996இல் குருக்மன், லிவாஸ் ஆகியோர் மெக்சிகோ நகரை எடுத்துக்காட்டாகக் கொண்டு மற்றொரு விளக்கம் அளித்தனர். நாடு தன் சந்தையை மூடிக்கொள்ளும்போது தொழில்கள், வாங்குவோரும் மூலப்பொருள் தருவோரும் மிகுந்துள்ள ஒரே நகரில் குவிகின்றன. சந்தை திறக்கப்பட்டால் அந்த ஈர்ப்பு தளர்கிறது என்பது அவர்களின் முடிவு.

இக்கோட்பாடுகளிலிருந்து மூவகைச் செலவுகளைப் பிரித்துக்கொள்ளலாம். கடல்கடந்த வணிகத்தின் செலவு முதலாவது. உள்நாட்டில் ஊருக்கும் நகருக்கும் இடையிலான செலவு இரண்டாவது. நகருக்குள் வீட்டிற்கும் வேலைக்கும், கிடங்கிற்கும் கடைக்கும் இடையிலான செலவு மூன்றாவது. இம்மூன்றும் நகரின் அளவை ஒரே திசையில் நகர்த்துவதில்லை.

துறைமுகம் இல்லாத பட்டினம்

1639இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி பெற்ற மதராசப்பட்டினக் கரையில் இயற்கைத் துறைமுகம் எதுவும் இல்லை. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டன. ஆணியின்றிக் கயிற்றால் தைக்கப்பட்ட மசூலாப் படகுகளே அலைகளைக் கடந்து சரக்கையும் மனிதரையும் கரை சேர்த்தன. சரக்கு நனைந்தும் கவிழ்ந்தும் கெடுவது வழக்கமாயிற்று. கடல்வழிச் செலவு இவ்வளவு மிகுந்திருந்தும் நகர் வளர்ந்ததற்குக் காரணம் இரண்டு.

முதலாவது, ஏற்றுமதியான பொருளின் தன்மை. துணி எடையில் குறைந்தது, விலையில் மிகுந்தது. அத்தகைய பொருள் படகுக் கூலியையும் இழப்பையும் தாங்கும். இரண்டாவது, உள்நாட்டு வழியின் செலவு. மாட்டுவண்டியும் பொதிமாடும் மட்டுமே இருந்த காலத்தில், வழியெங்கும் சுங்கம் செலுத்தித் துணியைத் தொலைவிலிருந்து கொண்டுவருவதைவிட நெசவாளரையே கோட்டைக்கு அருகில் குடியேற்றுவது கம்பெனிக்கு எளிதாக இருந்தது. 1734இல் நெசவாளர் ஊராகச் சிந்தாதிரிப்பேட்டை நிறுவப்பட்டது. துணி வெளுப்போர் வாழ்ந்த வண்ணாரப்பேட்டையும் இவ்வகையில் எழுந்ததே. பொருள் பயணம் செய்ய இயலாதபோது ஆள் பயணம் செய்தான் என இதனைச் சுருக்கிக் கூறலாம். உயர்ந்த உள்நாட்டுச் செலவு நகரைச் சிறுக்கச் செய்யவில்லை. மாறாக மக்களை அங்கே திரட்டியது. ஆட்சியின் இருக்கையாகவும் நகர் விளங்கியமை இத்திரட்சியை வலுப்படுத்தியது.

ஆயினும் நகருக்கு உணவும் விறகும் வேண்டும். இவை எடை மிகுந்து விலை குறைந்த பொருள்கள். நெடுந்தொலைவு வண்டியில் வர இயலாதவை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடக்கே வெட்டப்பட்ட காக்ரேன் கால்வாய் இத்தடையைத் தளர்த்தியது. 1876–78 பெரும்பஞ்ச காலத்தில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி நிவாரணப் பணியாக வெட்டப்பட்டு, கால்வாய் முழுவதும் பக்கிங்காம் பெயரைப் பெற்றது. நெல்லும் உப்பும் விறகும் தோணிகளில் நகருக்கு வந்தன. கால்வாயிலிருந்து விலகிய தென்மேற்குப் பகுதிகளுக்கு இவ்வசதி இல்லை. பரங்கிமலையில் படையிருப்பு இருந்தும், அதனருகே அமைந்த ஆதம்பாக்கம் போன்ற ஊர்கள் நகரின் குடியிருப்பாகாமல் வயலும் ஏரியுமாகவே நீடித்தன.

செலவு குறைந்தும் பெருகாத நகர்: 1856–1921

மதராஸ் மாகாணத்தின் உள்நாட்டுச் சுங்கங்கள் 1844இல் நீக்கப்பட்டன. 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. 1862இல் அது மேற்குக் கடற்கரையிலுள்ள பேப்பூரை எட்டியது; 1871இல் பம்பாயுடன் இணைப்புக் கிடைத்தது. கடற்பக்கத்தில் 1861இல் இரும்புத் தூண்கள் மீது சரக்கிறக்கு பாலம் கட்டப்பட்டது. 1870களின் நடுவில் தொடங்கிய துறைமுகப் பணி நிறைவை நெருங்கிய வேளையில், 1881 நவம்பர்ப் புயல் அதனைச் சிதைத்தது. மீண்டும் கட்டப்பட்ட துறைமுகம், 1904இல் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் காலத்தில், வாயில் வடகிழக்கிற்கு மாற்றப்பட்ட பின்னரே முழுப் பயன் தந்தது.

இவ்வளவு மாற்றங்களுக்குப் பின்னும் மக்கள்தொகை எவ்வாறு அமைந்தது? 1871 கணக்கெடுப்பில் 3,97,552ஆக இருந்த சென்னையின் மக்கள்தொகை 1901இல் 5,09,346ஆகவும், 1921இல் 5,26,911ஆகவும் இருந்தது. ஐம்பது ஆண்டுகளில் உயர்வு மூன்றில் ஒரு பங்கே. பம்பாயோ 1872இல் 6,44,405 என்னும் நிலையிலிருந்து 1921இல் 11,75,914ஐ எட்டியது. பஞ்சமும் 1918ஆம் ஆண்டின் விஷக்காய்ச்சலும் சென்னையின் வளர்ச்சியைத் தடுத்தன என்பது உண்மையே. ஆனால் பம்பாயும் பஞ்சத்தையும் கொள்ளைநோயையும் கண்ட நகரே ஆகும். எனவே வேறு காரணமும் தேடத்தக்கது.

பம்பாய்க்கு இயற்கைத் துறைமுகம் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடக்கும் இருப்புப்பாதைகள் தக்காணப் பருத்தியை அத்துறைமுகத்திற்கே இட்டுச்சென்றன. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் ஐரோப்பாவிற்கு அண்மையான இந்தியப் பெருந்துறைமுகமாகவும் அது ஆயிற்று. சோழமண்டலக் கரையின் நிலை வேறு. அங்கு எந்தத் துறைக்கும் தனிப்பட்ட இயற்கை மேம்பாடு இல்லை. சிறு துறைகள் பல இருந்தன. தென்னிந்திய இருப்புப்பாதை 1876இல் தூத்துக்குடியை அடைந்தபோது, கரிசல் நிலத்துப் பருத்தி சென்னையை நாடாமல் தூத்துக்குடி வழியே கப்பலேறியது. நாகப்பட்டினம், கடலூர் முதலிய துறைகளும் தத்தம் உள்நாட்டோடு இருப்புப்பாதையால் பிணைக்கப்பட்டன. சென்னைக்குள் வரும் செலவைக் குறைத்த அதே இருப்புப்பாதை, சென்னையைத் தவிர்த்துச் செல்லும் செலவையும் குறைத்தது. நெசவாளர் கோட்டையருகே குடியிருக்க வேண்டிய தேவையும் மறைந்தது. உள்நாட்டுச் செலவு குறைந்தால் முதன்மை நகரின் ஈர்ப்புத் தளரும் என்னும் கோட்பாட்டிற்கு இக்காலச் சென்னை ஏற்ற சான்றாகிறது.

நகருக்குள் குறைந்த செலவு: 1921–1951

1921–31இல் சென்னையின் மக்கள்தொகை ஏறத்தாழ 23 விழுக்காடும், 1931–41இல் ஏறத்தாழ 20 விழுக்காடும் உயர்ந்து 7,77,481ஐ எட்டியது. ஐம்பது ஆண்டுகளில் காணாத வேகம் இருபதே ஆண்டுகளில் ஏற்பட்டது. உலகப் பொருளாதார மந்தத்தால் வேளாண் விலைகள் வீழ்ந்து, சிற்றூர்களிலிருந்து மக்கள் நகரை நாடினர். 1930களில் இறக்குமதி வரி உயர்ந்து உள்நாட்டு ஆலைகளுக்குச் சந்தை விரிந்தது. அயல்வணிகச் செலவு கூடிய இக்காலத்தில் நகர் வளர்ந்தது என்பது கருதத்தக்கது.

வந்தவர்கள் தங்குவதற்கு இடம் கிடைத்தமைக்குக் காரணம் மூன்றாவது வகைச் செலவின் வீழ்ச்சி ஆகும். 1895இல் தொடங்கிய மின்டிராம் பழைய நகரின் எல்லைக்குள்ளேயே ஓடியது. 1931இல் கடற்கரை நிலையத்திற்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியபோது மாம்பலம், சைதாப்பேட்டை, கிண்டி, பரங்கிமலை, பல்லாவரம் ஆகிய ஊர்கள் ஒரே வரிசையில் கோக்கப்பட்டன. மாம்பலம் ஏரியைத் தூர்த்து 1920களில் உருவாக்கப்பட்ட தியாகராய நகர் இப்பாதையின் பயனை முதலில் துய்த்தது. அலுவலக எழுத்தரும் ஆசிரியரும் ஜார்ஜ் டவுன் நெரிசலை விட்டு விலகித் தெற்கே வாழ இயன்றது. பல்லாவரத்தை அடுத்துத் தோல் பதனிடும் ஆலையின் பெயராலேயே குரோம்பேட்டை என்னும் ஊர் எழுந்தது. பரங்கிமலை நிலையத்தின் கிழக்கு வாயிலில் இறங்குவோருக்கு ஆதம்பாக்கம் நடைதூரமே. கோட்டையிலிருந்து அதன் தொலைவு மாறவில்லை. அதனைக் கடக்கும் செலவு மாறியது.

1951இல் நகரின் மக்கள்தொகை 14,16,056. இவ்வுயர்வின் ஒரு பகுதி, 1946இல் சைதாப்பேட்டை முதலியன நகரோடு இணைக்கப்பட்டதால் நேர்ந்தது. எனினும் அவ்விணைப்பே நகர் தன் பழைய எல்லையை மீறிப் பரவிவிட்டமைக்கு அரசு அளித்த ஒப்புதலாகும்.

மூடிய சந்தையும் தொழிற்பேட்டையும்: 1951–1991

விடுதலைக்குப் பின் இந்தியா இறக்குமதியைக் கட்டுப்படுத்தி உள்நாட்டு உற்பத்தியை வளர்க்கும் கொள்கையை மேற்கொண்டது. அயலிலிருந்து ஓர் உதிரிப்பொருள் பெறுவதற்கு உரிமம் வேண்டியிருந்தது. உரிமம் பெற அரசு அலுவலகத்தின் அண்மை வேண்டியிருந்தது. வண்டி, பெட்டி, இயந்திரம் செய்யும் ஆலைகளும் அவற்றிற்கு உதிரி தரும் பட்டறைகளும் ஒன்றையொன்று நாடி ஒரே நகரைச் சுற்றி அமைந்தன. எண்ணூரில் அசோக் லேலண்ட், பெரம்பூரில் 1955இல் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை, கிண்டியில் 1958இல் தொழிற்பேட்டை, 1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை என இவை தொடர்ந்தன. 1991இல் மக்கள்தொகை 38,43,195. எல்லை விரிவு இதில் ஒரு பங்கு வகித்தாலும், குருக்மனும் லிவாசும் மெக்சிகோவிற்குக் கூறிய விளக்கம் இக்காலச் சென்னைக்கும் பெரிதும் பொருந்துகிறது.

கிண்டித் தொழிற்பேட்டைக்கு அண்மையில் அமைந்த ஆதம்பாக்கம் இக்காலத்தில்தான் உண்மையான குடியிருப்பாயிற்று. மிதிவண்டியில் வேலைக்குச் செல்லும் தொலைவில் தொழிற்பேட்டை. மின்தொடர்வண்டியில் செல்லும் தொலைவில் அலுவலகங்கள். இவ்விரண்டு வசதியும் ஒருங்கே அமைந்த இடத்தில் வயல்கள் மனைகளாயின; ஏரிகள் சுருங்கின. உயர்ந்த அயல்வணிகச் செலவு ஆலைகளை நகரருகே குவித்தது. தாழ்ந்த பயணச் செலவு தொழிலாளரை நகரின் விளிம்பில் குடியமர்த்தியது. இவ்விரு போக்குகளும் சந்தித்த இடங்களுள் ஒன்று ஆதம்பாக்கம் ஆகும்.

திறந்த சந்தையும் விளிம்பின் இடப்பெயர்வும்: 1991–2011

1991இல் 150 விழுக்காடாக இருந்த உச்ச இறக்குமதி வரி படிப்படியாகக் குறைந்து 2007–08இல் 10 விழுக்காடாயிற்று. திருப்பெரும்புதூர்ப் பகுதியில் ஹூண்டாயும் மறைமலைநகரில் ஃபோர்டும் ஆலை அமைத்தன. 1996இல் கொத்தவால் சாவடியின் காய்கனி மொத்த வணிகம் கோயம்பேட்டிற்கு மாறியது. துறைமுகத்தை ஒட்டிய நெரிசலுக்குள் நுழையாமலே லாரிகள் சரக்கை இறக்கின.

மாநகராட்சியின் பழைய எல்லைக்குள் மக்கள்தொகை உயர்வு 1991–2001இல் 13 விழுக்காடாகவும், 2001–2011இல் 7 விழுக்காடாகவும் குறைந்தது. அதே 2001–2011இல் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் உயர்வு ஏறத்தாழ 39 விழுக்காடு. ஆலந்தூர் நகராட்சியோ ஏறத்தாழ 1.46 இலட்சத்திலிருந்து 1.64 இலட்சமாக, அதாவது 12 விழுக்காடு அளவிற்கே உயர்ந்தது. இவ்வெண்களை ஒருங்கு நோக்கினால் ஓர் உண்மை தெளிவாகும். நிர்வாகத்தில் புறநகராக இருந்தபோதே ஆதம்பாக்கம் உள்ளிட்ட ஆலந்தூர், மக்கள்தொகை இயல்பில் உள்நகராகிவிட்டது. வளரும் விளிம்பு அதனைக் கடந்து தெற்கும் மேற்கும் சென்றுவிட்டது. 2011 இணைப்பு இம்மாற்றத்தைத் தொடர்ந்து வந்ததே அன்றி அதற்குக் காரணம் அன்று.

சந்தை திறந்ததால் பெருநகர் சிறுக்கவில்லை என்பதும் நோக்கத்தக்கது. சென்னைப் பெருநகர்த் தொகுதி 2001–2011இல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயர்ந்து 86 இலட்சத்தைக் கடந்தது. ஆனால் ஏற்றுமதியை நம்பிய திருப்பூர் நகர்த் தொகுதி அதே காலத்தில் ஏறத்தாழ 5.5 இலட்சத்திலிருந்து 9.6 இலட்சமாக, நான்கில் மூன்று பங்கு உயர்ந்தது. அயல்வணிகச் செலவு குறைந்தபோது உள்நாட்டு நகரொன்று தலைநகரை நம்பாமல் உலகச் சந்தையை எட்ட முடிந்தது. கோட்பாடு கூறும் பரவல் தமிழ்நாட்டில் நிகழ்ந்தது. எனினும் அது சென்னையைச் சுருக்காமல், சென்னைக்குள் விளிம்பு நோக்கியும் சென்னைக்கு வெளியே பிற நகர்கள் நோக்கியும் நிகழ்ந்தது.

மிச்சமான செலவு எங்கே செல்கிறது?

பக்கிங்காம் கால்வாயின் தோணிப் போக்குவரத்து மறைந்தபின், அதன் கரையோரமாகப் பறக்கும் தொடர்வண்டிப் பாதை எழுந்தது. 1995இல் சேப்பாக்கம் வரையும் 1997இல் மயிலாப்பூர் வரையும் வந்த அப்பாதை 2007இல் வேளச்சேரியை அடைந்தது. அதனை ஆதம்பாக்கம் வழியே பரங்கிமலையோடு இணைக்கும் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீட்டிப்பு 2008இல் தொடங்கியது. பெரும்பகுதி முடிந்தும், ஆதம்பாக்கத்தில் ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் மட்டும் நிலம் எடுப்பது தொடர்பான வழக்குகளால் பல ஆண்டுகள் தடைப்பட்டது. இழப்பீட்டுத் தொகையே பூசலின் மையமாக இருந்தது.

ஃபான் தூனன் கூறிய நிலவாடகை இங்கே கண்கூடாகிறது. பரங்கிமலையில் 2016இல் மெட்ரோ நிலையம் திறந்தது. புறநகர்த் தொடர்வண்டியும் பறக்கும் தொடர்வண்டியும் அதனோடு கூடும் இடமாக அது திட்டமிடப்பட்டது. பயணத்தில் மிச்சமாகும் ஒவ்வொரு ரூபாயும் ஒவ்வொரு நிமிடமும் அருகிலுள்ள மனையின் விலையில் ஏறுகிறது. எனவே போக்குவரத்தை மலிவாக்க வேண்டிய திட்டம், தான் உயர்த்தவிருக்கும் நிலவிலையைத் தானே எதிர்கொள்ள நேர்கிறது. மனை உடையவருக்கு அம்மிச்சம் செல்வமாகிறது. வாடகைக்கு இருப்பவருக்கு அது வாடகை உயர்வாகிறது. கிண்டித் தொழிற்பேட்டைக்கு மிதிவண்டியில் சென்ற தலைமுறை குடியேறிய இடத்தில், அதே வகை வேலை செய்யும் இன்றைய தொழிலாளர் குடியேறுவது அரிதாகிறது. அவர்கள் பயணச் செலவு மிகுந்த மேலும் தொலைவான விளிம்பிற்குச் செல்கின்றனர்.

முடிவுரை

சென்னையின் வரலாற்றிலிருந்து பெறப்படும் முடிவுகள் பின்வருமாறு அமைகின்றன. உள்நாட்டு வழிச்செலவு மிகுந்திருந்தபோது மக்கள் கோட்டையைச் சூழ்ந்து திரண்டனர். அது குறைந்தபோது வணிகம் பல துறைகளுக்குப் பரவி, 1871–1921இல் நகரின் வளர்ச்சி தளர்ந்தது. அயல்வணிகச் செலவு உயர்ந்த 1930களிலும் 1951–1991 காலத்திலும் தொழில்கள் குவிந்து நகர் பெருகியது. அச்செலவு குறைந்த 1991க்குப் பின் வளர்ச்சி நகரின் மையத்தை விட்டு விலகியது. நகருக்குள் பயணச் செலவு குறைந்த ஒவ்வொரு முறையும் நகர் தாங்கக்கூடிய மக்களின் அளவு கூடியது. ஆனால் அதன் பயன் நிலவிலையாக உருமாறியது.

புதிய துறைமுகச் சாலையோ தொடர்வண்டிப் பாதையோ அமைப்பதால் நகர் பெருகுமா சிறுக்குமா என்னும் வினாவிற்கு, எந்தச் செலவு யாருக்குக் குறைகிறது என்று அறியாமல் விடை கூற இயலாது. பயண வசதியோடு வாடகைக்கேற்ற குடியிருப்பும் ஏரிகளின் பாதுகாப்பும் ஒருங்கே திட்டமிடப்படாவிடின், ஆதம்பாக்கத்தில் நிகழ்ந்தவை அதற்கு அப்பாலுள்ள ஒவ்வொரு விளிம்பு ஊரிலும் மீண்டும் நிகழும்.